முதல் வரியில் ஒளிந்திருக்கும் எழுத்து!

எழுதியது சரி. எழுத்துப் பிழை இல்லை. ஒரு புள்ளிகூட விட்டுப் போகவில்லை. ஆனாலும், "முதல் வரியிலேயே தப்பு" என்று அடம் பிடிக்கிறது கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு தொல்லை உண்டு. முதல் வரியை உற்று உற்றுப் பார்ப்பார்கள். அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவார்கள். அப்போதும் தப்பு போகாது.

காரணம் என்ன?

முதல் எழுத்துக்கும் முன்னால் இன்னொரு எழுத்து உட்கார்ந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது!

எல்லாம் எண்களே

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் பைலில் பதிகிறார்கள்.

1963-ல் அமெரிக்காவில் இதற்கு ஒரு பட்டியல் போட்டார்கள். 'ஆஸ்கி' என்று பெயர். அதில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்தோடு சரி. தமிழுக்கு இடம் கிடையாது.

எனவே, அவரவர் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கொண்டார்கள். ஒரே எண், ஒரு பட்டியலில் ஓர் எழுத்து. மற்றொன்றில் வேறு எழுத்து! ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ், இன்னொன்றில் கிறுக்கலாக வந்தது.

1991-ல் 'யூனிகோடு' வந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே பட்டியல். அதில் நம் 'அ'வுக்கு எண் 2949.

முட்டைச் சண்டை

இங்கே ஒரு சிக்கல். பைலில் உள்ள ஓர் அறையில் 255 வரைதான் எழுத முடியும். அந்த அறைக்கு 'பைட்' என்று பெயர். 2949-ஐ 11, 133 என்று இரண்டு அறைகளில் பிரித்து எழுதினார்கள்.

எதை முதலில் எழுதுவது? சில கம்ப்யூட்டர்கள் 11-ஐ முதலில் எழுதின. சில 133-ஐ முதலில் எழுதின!

'கலிவரின் பயணங்கள்' கதையில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று சண்டை போடுவார்கள் அல்லவா? அந்தப் பெயரையே 1980-ல் டேனி கோஹன் என்ற நிபுணர் இந்தச் சண்டைக்கும் சூட்டினார். இன்றும் அதுதான் பெயர்.

சண்டையைத் தீர்க்க ஒரு குறி வைத்தார்கள். அதன் எண் 65279. பைலின் தலையில் 254, 255 என்று இருந்தால் நேர் வரிசை. 255, 254 என்று இருந்தால் தலைகீழ். திரையில் அதற்கு உருவமே கிடையாது. ஒளிந்திருக்கும் எழுத்து இதுதான்!

சாப்பாட்டு மேஜையில்

1992-ல் கென் தாம்ப்சன், ராப் பைக் என்ற இரு நிபுணர்கள் புதிய முறை ஒன்றை வகுத்தார்கள். நியூஜெர்சியில் ஓர் ஓட்டலில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் எழுதி உருவாக்கினார்களாம். அதுதான் 'யூ.டி.எப்.-8'.

இதில் 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்கள். வரிசை மாறவே மாறாது. ஆகவே குறி தேவையே இல்லை.

ஆனால் பழக்கம் விடுமா? "இது யூ.டி.எப்.-8 பைல்" என்று சொல்வதற்காகப் பழைய குறியையே சிலர் தலையில் வைத்தார்கள். விண்டோசில் உள்ள 'நோட்பேட்' பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தது. 2019-ல்தான் குறி இல்லாமல் சேமிப்பதை வழக்கமாக்கியது.

வேண்டும்! வேண்டாம்!

ஜாவா மொழியில் எழுதிய பைலில் இந்தக் குறி இருந்தால், "தகாத எழுத்து" என்று திருப்பி அனுப்பிவிடும். பி.எச்.பி. மொழியில், குறி முன்கூட்டியே வெளியே போய்விடும். பிறகு அனுப்பவேண்டிய தகவல்கள் தடைபடும்.

எதிர்க்கட்சியும் உண்டு! மைக்ரோசாப்டின் சி++ மொழிபெயர்ப்பானுக்குக் குறி இல்லாமல் தமிழைக் கொடுத்தால், தனியாகச் சொல்லாவிட்டால் பழைய பட்டியலை வைத்துப் படிக்கும். எழுத்து குழம்பிப்போகும்.

பைதான் மொழிக்காரர்கள் நல்ல வழி கண்டார்கள். 2003-ல் வந்த பைதானில், எந்த முறையில் எழுதியது என்பதை எழுத்தாலேயே அறிவிக்கலாம். முதல் வரியில் அல்லது இரண்டாம் வரியில் எழுதவேண்டும்.

இரண்டாம் வரி எதற்கு? யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில், புரோகிராமை யார் நடத்துவது என்று சொல்ல முதல் வரி வேண்டும். அந்த வரிக்கு முன்னால் மறைவான குறி நின்றால் அங்கும் வம்புதான்!

அறிவிப்பு ஒன்று, குறி வேறொன்று என்று இருந்தால் பைதான் ஒப்புக்கொள்ளாது. 2008-ல் வந்த பைதான் 3-ல், எதுவும் சொல்லாவிட்டால் யூ.டி.எப்.-8 என்றே பொருள்.

கண்டுபிடிப்பது எப்படி?

பைலைத் தவறான பட்டியலில் திறந்தால் குறி மாட்டிக்கொள்ளும். இரண்டு புள்ளி வைத்த ஆங்கில 'ஐ', அம்பு முனை போன்ற இரட்டைக் கோடு, தலைகீழாக நிற்கும் கேள்விக்குறி. இந்த மூன்றும் பைலின் தலையில் தெரிந்தால், அதுதான் ஆள்!

தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ' வரிக்கு வரி வந்தால், அது பெரும்பாலும் நம் தமிழ். தமிழ் எழுத்துக்கள் எல்லாமே 224 என்று தொடங்குகின்றன. பழைய பட்டியலில் 224 அந்த 'ஏ'. அழித்துவிடாதீர்கள். யூ.டி.எப்.-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் அப்படியே வரும்.