காலொடிந்த வாரங்களுக்குக் கூலி யார் தருவார்?

செங்கோட்டை, பண்பொழி, வடகரைப் பக்கத்துத் தோப்புகளில் சாரல் மாதங்களில் தென்னை ஏறுவது ஆபத்தான வேலை. மரத்தில் பாசி பிடித்திருக்கும், தளைக்கயிறு வழுக்கும். விழுந்து பிழைத்தவருக்கும் எலும்பு கூட மாதக்கணக்காகும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் படுத்துக்கிடக்கும் நாட்களின் கூலி அதில் வராது.

அதற்காகத்தான் வாராந்திர இழப்பீடு சேர்த்த தனிநபர் விபத்துக் காப்பீடு விற்கப்படுகிறது. முகவர் படிவத்தை நீட்டியதும் வரும் முதல் கேள்வி: “இதுல சேந்தா கவர்மெண்ட்டு குடுக்கிறது நின்னு போயிருமா?”

சில நாடுகளில் நின்றுதான் போகும். பிரிட்டனில் வருமானம் பார்த்துத் தரப்படும் ‘யுனிவர்சல் கிரெடிட்’ உதவித்தொகையில், உடல்நலமின்மைக்காகக் காப்பீட்டு நிறுவனம் மாதாமாதம் தரும் தொகை பவுண்டுக்குப் பவுண்டு கழிக்கப்படுகிறது. நம்மூரில் அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை. கூலியிழப்புக்கென்று அரசு தருவதே கொஞ்சம்; அதில் கழிக்க என்ன இருக்கிறது?

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்‌ஷா பீமாவை எடுத்துக்கொள்வோம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். வேறு காப்பீடு இருந்தாலும் இது தனியாகக் கிடைக்கும் என்று திட்டமே சொல்கிறது. ஆனால் இரண்டு வங்கியில் சேர்ந்து இரண்டு முறை 20 ரூபாய் கட்டினாலும் 2 லட்சத்துக்கு மேல் வராது. அதைவிட முக்கியம், ஒடிந்து மறுபடி கூடிவிடும் காலுக்கு இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. மரமேறிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்‌ஷா’. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. விபத்தால் வேலைக்குப் போக முடியாத சில வாரங்களுக்கும் பணம் உண்டு. தேங்காய் வெட்டுக்காரர்களிடம் இது போய்ச் சேர்ந்த அளவு போதாது என்பது என் எண்ணம்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. தென்காசி ஜவுளிக்கடையில் மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதாலும், முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருப்பதாலும், நாள் சம்பளம் 400 ரூபாயில் 70 சதவீதம், அதாவது 280 ரூபாய், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் அடிபட்டிருந்தால் 90 சதவீதம், குணமாகும்வரை. சொந்தமாக பாலிசி வைத்திருப்பதால் இதில் பைசா குறையாது. குறைப்பது வேறொன்று: முதலாளி சம்பளத்துடன் விடுப்புக் கொடுத்த நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் தராது. நல்ல முதலாளி வாய்த்தால் ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு லாபம்.

உண்மையான கழித்தல் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையில்தான் நடக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியைப் பழுதுபார்க்கும்போது அது வெடித்து ஒரு கண்பார்வையை இழந்த தொழிலாளி ஒருவர், ஈ.எஸ்.ஐ. பணம் பெற்ற பிறகு, 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளியிடமும் கேட்டார். ஏ. ட்ரெஹான் வழக்கு என்று பெயர். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு இடம் தராது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

சாலை விபத்து வழக்குகளில் பார்வை சற்றுத் தாராளம். இறந்தவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகையை நஷ்டஈட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்று 1998இல் ஹெலன் ரெபெல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. அது அவர் பிரீமியம் கட்டிச் சேர்த்த பணம். அதே நீதிமன்றம் 2016இல் ஷஷி சர்மா வழக்கில், அரசு ஊழியர் இறந்த பின் குடும்பத்துக்குச் சம்பளத்துக்கு ஈடாக ஹரியாணா அரசு தரும் தொகையைக் கழிக்கலாம் என்றது. சொந்தக் காசில் வாங்கிய பாதுகாப்பு ஒரு பக்கம், அதே சம்பள இழப்புக்கு இன்னொரு கை தருவது மறுபக்கம். எந்தத் திட்டத்தையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் பாதி குழப்பம் தீரும்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகை போய்விடுமோ என்று அஞ்சுபவர்களும் உண்டு. வாராந்திர இழப்பீடு குணமாகும்வரை வருவது. உதவித்தொகை நிரந்தர ஊனத்துக்கு வருவது. இரண்டும் ஒரே காலத்தில் மோதுவது அபூர்வம். தாலுகா அலுவலகத்தில் பார்ப்பது குடும்ப நிலையையும், ஏற்கெனவே முதியோர், விதவை போன்ற வேறு மாத உதவித்தொகை வருகிறதா என்பதையும்தான். அவற்றில் ஒருவருக்கு ஒன்றுதான்.

வெட்டு விழுவது காப்பீட்டு நிறுவனத்தின் பக்கத்திலேயே. 5 லட்சம் பாலிசியில் வாரத்துக்கு 1 சதவீதம், 5,000 ரூபாய் என்று விளம்பரம் சொல்லும். உள்ளே சின்ன எழுத்தில், உங்கள் நிரூபிக்கப்பட்ட வருமானத்துக்கு மேல் தரமாட்டோம் என்றிருக்கும். நாள் கூலி வாங்குபவர் வருமானத்தை எதைக் காட்டி நிரூபிப்பார்? அதனால் சேரும்போதே வருமானத்துக்கு என்ன ஆதாரம் ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. விபத்து பாலிசியில் நோய்க்குப் பணம் கிடையாது என்பதையும் முகவர் தாமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மருத்துவச் சான்று விஷயத்தில் ஒரு கவனம். ஈ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றின் மூலப்படி கழகக் கிளைக்குப் போய்விடும். அதைக் கொடுப்பதற்கு முன்பே நகல் எடுத்து, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டால், காப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது மறுபடி அலைய வேண்டியிராது.