ஒரே குடும்பம், வேறு வேறு வீடு

பொழுது சாயும் நேரம். ஊர்க்கோடியில் உள்ள ஆலமரத்தைப் பாருங்கள். கிளை முழுக்கக் கறுப்புத் துணி தொங்குவது போல இருக்கிறது. திடீரென்று ஒரு துணி சிறகை விரிக்கிறது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மரமே காலியாகிவிடுகிறது. எல்லாம் வவ்வால்கள்.

வவ்வால் பறவை இல்லை. அது முட்டை இடாது. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். "வவ்வாலுக்குக் கண் தெரியாது" என்று எங்கள் மையத்தில் ஒரு பாட்டி சொன்னார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பழம் தின்னும் வவ்வாலுக்குப் பெரிய கண்கள் உண்டு. மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். பழ வாசனையை மோப்பம் பிடிக்கவும் தெரியும்.

பூச்சி தின்னும் வவ்வால்களும் உண்டு. அவை வேறு வகை. இங்கே பழந்தின்னிகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

நம் நாட்டில் பரவலாக உள்ள பழந்தின்னி வவ்வால்கள் மூன்று வகை. மூன்றும் ஒரே குடும்பம். பங்காளிகள் என்று சொல்லலாம். ஆனால் பங்காளிகள் ஒரே வீட்டில் இருப்பதில்லை. புரிவதற்காக நாமே அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, மர வவ்வால். மூன்றில் இதுதான் பெரியது. சிறகை விரித்தால் ஏறத்தாழ 4 அடி இருக்கும். ஆல், அரசு, புளி போன்ற உயர்ந்த மரங்களில் பகல் முழுதும் வெட்டவெளியில் தொங்கும். ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். தலைமுறை தலைமுறையாக அதே மரத்தில் வாழும்.

வெயில் ஏறினால் சிறகால் விசிறிக்கொள்ளும். அதனால் நீர்நிலைக்குப் பக்கத்தில் உள்ள மரம் என்றால் அதற்குப் பிடிக்கும். வெப்பம் மிக அதிகமானால் தாங்காது. 2020 மே மாதம் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் வவ்வால்கள் கூட்டமாகச் செத்து விழுந்தன. அது கொரோனா காலம். மக்கள் பயந்துபோனார்கள். சோதித்துப் பார்த்தார்கள். கொரோனா இல்லை, வெயில்தான் காரணம் என்று தெரிந்தது.

இரண்டாவது, குகை வவ்வால். இது இருட்டைத் தேடும். குகை, சுரங்கம், பாழடைந்த கோட்டை, பழைய கிணறு ஆகியவை இதன் வீடு. கும்மிருட்டில் கண் உதவாதே, என்ன செய்யும்? நாக்கை 'டக் டக்' என்று சொடுக்கும். அந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். அதைக் கேட்டுச் சுவரில் மோதாமல் பறக்கும். மர வவ்வாலுக்கு இந்த வித்தை தெரியாது.

மூன்றாவது, ஓலை வவ்வால். கைக்குள் அடங்கும் அளவுதான். பனை ஓலையின் அடியிலும் நெட்டிலிங்க மரத்திலும் கொடிகளுக்குள்ளும் இருக்கும். ஆண் வவ்வால் ஓலையையும் தண்டையும் பல்லால் கடித்துக் கடித்துக் கூடாரம் போல மடக்கும். இதற்குப் பல நாள் உழைக்கும். கூடாரம் நன்றாக அமைந்தால் பெண் வவ்வால்கள் வந்து சேரும். வீடு கட்டிய பிறகுதான் கல்யாணம்!

இப்போது ஒரு கேள்வி. சாலையை அகலப்படுத்த ஆலமரத்தை வெட்டினால் மர வவ்வால் எங்கே போகும்? கிணற்றுக்குள் போகுமா? போகாது. பழைய கிணற்றை மூடினால் குகை வவ்வால் பனை ஓலைக்கு வருமா? வராது. அழகுக்காகப் பனையின் காய்ந்த ஓலைகளை எல்லாம் கழித்துவிட்டால் ஓலை வவ்வாலுக்கு இடம் இல்லை. "ஊரில்தான் வவ்வால் நிறைய இருக்கிறதே" என்று சொல்கிறோம். எந்த வவ்வால் என்று கேட்பதில்லை.

படித்தவர்களே இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதுண்டு. 1948இல் தமிழ்நாட்டின் மேகமலையில் ஒரு வவ்வால் பிடிபட்டது. அதை ஓலை வவ்வால் இனம் என்று எண்ணிப் பாடம் செய்து பம்பாயில் வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதைக் கூர்ந்து பார்த்தார். ஓலை வவ்வாலுக்குச் சின்ன வால் உண்டு. இதற்கு வாலே இல்லை. பல்லும் வேறாக இருந்தது. இது புது இனம் என்று சொன்னார். பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். அந்த வவ்வால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில்தான் இருக்கிறது. வேறு எந்த நாட்டிலும் இல்லை.

வவ்வாலால் நமக்கு என்ன லாபம்? இலுப்பை மரத்தைக் கேளுங்கள். வவ்வால் பழத்தைக் கவ்விக்கொண்டு தொலைவில் உள்ள வேறு மரத்துக்குப் போகும். அங்கே சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடும். அங்கே கன்று முளைக்கும். கொய்யாத் தோட்டம் வைத்திருப்பவருக்கு வவ்வால் மேல் கோபம் வரும். அதுவும் நியாயம்தான். பழத்தை வலை போட்டுக் காக்கலாம். வவ்வால் சிக்காதபடி வலையை இழுத்துக் கட்ட வேண்டும்.

முன்பு சட்டமே வவ்வாலுக்கு எதிராக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வவ்வால்களைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தொல்லை விலங்கு என்று எழுதியது. கொன்றால் தண்டனை இல்லை. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பழைய பட்டியலை எடுத்தார்கள். 50 ஆண்டு ஆயிற்று!

நிபா நோயைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். 2018இல் கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புரம் பகுதியில் அந்த நோய் வந்து 17 பேர் இறந்தார்கள். மர வவ்வாலின் உடலில் அந்தக் கிருமி இருப்பது உண்மை. ஆனால் மரத்தை வெட்டினால் நோய் போகாது. துரத்திய வவ்வால் வேறு தோட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான். நாம் செய்ய வேண்டியது வேறு. வவ்வால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது. குழந்தைகளுக்கும் சொல்ல வேண்டும். பழத்தைக் கழுவித் தின்ன வேண்டும். ஈச்சமரத்துச் சாறு இறக்கும் பானையை மூடி வைக்க வேண்டும். வவ்வாலை வெறும் கையால் தொடக் கூடாது. அது கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பீகாரில் வைசாலி மாவட்டத்தில் சர்சாய் என்று ஒரு கிராமம். அங்கே குளக்கரை மரங்களில் வவ்வால்கள் ஏராளம். ஊரைக் காப்பவை என்று நம்பி மக்கள் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. நம்பிக்கை எதுவோ, மரம் நிற்கிறது.

மர வவ்வால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். கோடைக் காலத்தில் தாயின் மார்பில் குட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சில வாரம் கழித்துத் தாய் அதை மரத்திலேயே விட்டுவிட்டு இரை தேடப் போகும். அப்போது கிளையை வெட்டினால் தாய் தப்பிவிடும். குட்டிக்குப் பறக்கத் தெரியாது, கீழே விழும். அது பறக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மின்கம்பியில் உரசும் கிளையை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மேலே பார்த்துவிட்டு அரிவாளை எடுங்கள்.