விதை நெல் அறையில் எலி நுழையும் சந்துகளை அடைப்பது எப்படி?

அறுவடை முடிந்து, காயவைத்து, தூற்றி, மூட்டை பிடித்து அறையில் அடுக்கிய பிறகு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். எலிக்கு அதன் பிறகுதான் வேலை தொடங்குகிறது. எலி மருந்து வாங்குவதற்கு நாம் காட்டும் வேகத்தை, எலி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்ப்பதில் காட்டுவதில்லை. உள்ளே இருக்கும் எலிகளைக் கொன்றாலும் தரையில் உள்ள சந்து திறந்திருக்கும் வரை, வெளியில் இருப்பவை அதே வழியில் வந்துகொண்டே இருக்கும். எனவே முதலில் வழியை அடையுங்கள். மற்ற முறைகளைப் பிறகு பார்க்கலாம்.

எவ்வளவு இழப்பு?

ஒரு வீட்டெலி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கிராம் தானியம் தின்னும். அறைக்குள் 10 எலிகள் இருந்தால் நாளொன்றுக்கு 200 கிராம், ஆறு மாதத்தில் 36 கிலோ. குறுகிய கால நெல் இரகத்தை நடவு செய்ய ஏக்கருக்கு 24 கிலோ விதை போதும். அதாவது ஒன்றரை ஏக்கருக்கான விதை எலி வயிற்றுக்குள் போகிறது.

இது தின்றதற்கான கணக்கு மட்டுமே. சாக்கைக் கடித்துச் சிந்துவதும், சிறுநீரும் புழுக்கையும் பட்டுக் கெடுவதும் இதில் சேரவில்லை. ஈரம் பட்ட விதையில் பூசணம் பிடித்து முளைப்புத்திறன் குறையும். நாற்றங்காலில் விதைத்த பிறகுதான் அது தெரியவரும். அப்போது நல்ல விதை கிடைப்பது கடினம்.

எவ்வளவு சிறிய சந்து போதும்?

சுண்டெலி நுழைய 6 மி.மீ. இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழையும் துளை என்றால் சுண்டெலியும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த வீட்டெலிக்கு 12 மி.மீ., அதாவது அரை அங்குலம் போதும். உங்கள் சுண்டுவிரல் போகும் இடத்தில் எலியின் தலை போகும், தலை போனால் உடலும் போய்விடும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அதனால் அது எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இன்று அதற்குப் போதாத சந்தை நாளை தன் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளும்.

தரையில் சந்து ஏன் விழுகிறது?

பெரும்பாலான கிராமத்து அறைகளில் சுவரை எழுப்பிய பிறகு உள்ளே மண் நிரப்பி, அதன் மேல் தளம் போடுகிறார்கள். மண்ணைச் சரியாகத் திமிசு போட்டு இறுக்காவிட்டால், ஓரிரு மழைக்குப் பிறகு அது இறங்கும். மேலே உள்ள தளமும் கூடவே இறங்கி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீளமாகப் பிளவு விழும். எலிக்கு இது மிகவும் வசதியான வழி. அரிசி வண்டு போன்ற சேமிப்புப் பூச்சிகளும் இந்தப் பிளவில் சேரும் குப்பையிலும் உமியிலும் தங்கி, அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும்.

இரண்டாவது காரணம் கரம்பை எலியும் பெருச்சாளியும். இவை வெளியே வைக்கோல் போர், சாக்கடை ஓரம், விறகுக் குவியல் ஆகியவற்றின் அடியில் வளை தோண்டி, அடித்தளத்துக்குக் கீழே புகுந்து தளத்தின் அடிமண்ணைத் தள்ளிவிடும். தடியால் தரையைத் தட்டிப் பாருங்கள். உறுதியான இடத்தில் 'தட்' என்று கேட்கும், அடியில் காலியான இடத்தில் 'டொக்' என்று கேட்கும். அந்த இடத்தில் மேற்பூச்சு மட்டும் பூசினால் பலன் இல்லை.

சந்துகளைக் கண்டுபிடிக்கும் முறை

1. நல்ல வெயில் நேரத்தில் அறைக்குள் சென்று கதவையும் ஜன்னலையும் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் வரும் இடமெல்லாம் தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போடுங்கள்.

2. தரைப் பிளவு வெளிச்சத்தில் தெரியாது. மாலையில் சுவர் ஓரமாக மெல்லியதாக மாவு அல்லது சாம்பல் தூவுங்கள். காலையில் கால்தடமும் வால் இழுத்த கோடும் எங்கிருந்து தொடங்குகின்றன என்று பாருங்கள். நுழையும் வழி அங்கேதான்.

3. எலி தினமும் போய்வரும் பாதையில் அதன் உடல் எண்ணெயும் அழுக்கும் பட்டுச் சுவர் கறுத்திருக்கும். சந்தின் ஓரம் வழுவழுப்பாகக் கறுத்திருந்தால் அது பயன்பாட்டில் உள்ள வழி.

4. வெளிப்புறத்தில் உள்ள வளைகளை எல்லாம் மாலையில் மண்ணால் மூடுங்கள். மறுநாள் காலையில் திறந்திருப்பவை மட்டுமே எலி குடியிருக்கும் வளைகள்.

அடைப்பதற்கு முன் எலியைப் பிடியுங்கள்

எலி உள்ளே இருக்கும்போது எல்லா வழியையும் அடைத்துவிட்டால், வெளியேற வழி தேடிக் கதவையும் மூட்டையையும் கடிக்கும். மூட்டைக்குள் செத்துப்போனால் நாற்றம் தாங்காது. அதனால் பெரிய வழி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை முதலில் அடையுங்கள். விட்ட வழிக்கு அருகில் சுவரை ஒட்டிப் பொறி வையுங்கள்.

எலி புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். முதல் இரண்டு மூன்று நாட்கள் பொறியைப் பூட்டாமல் கருவாடு, சுட்ட தேங்காய்ச் சில்லு அல்லது மசால் வடையை வைத்துப் பழக்குங்கள். அதன் பிறகு பொறியைப் பூட்டினால் நன்றாக விழும். தூவிய மாவில் இரண்டு இரவு தொடர்ந்து தடம் இல்லை என்றால் கடைசி வழியையும் அடைத்துவிடலாம்.

எதைக் கொண்டு அடைக்கக் கூடாது?

பழந்துணி, காகிதம், தேங்காய் நார், மரத்துண்டு, தெர்மோகோல், களிமண் ஆகியவை எலிக்கு ஓர் இரவு வேலை. கடைகளில் டப்பாவில் விற்கும், பீய்ச்சியதும் உப்பும் நுரையும் அப்படித்தான். அது காற்றை அடைக்கும், எலியை அடைக்காது. பிளாஸ்டிக் மூடிகளையும் கடித்துவிடும்.

வெறும் சிமெண்ட் பூச்சையும் அது காய்வதற்கு முன் எலி இரவோடு இரவாகத் தோண்டிவிடும். அதனால் பூச்சுக்குள் கடிக்க முடியாத ஒரு பொருள் இருக்க வேண்டும். இதற்கு எளிதில் கிடைப்பது பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார். துருப்பிடிக்கும் இரும்பு நார் வேண்டாம், சில மாதங்களில் உதிர்ந்துவிடும். பெரிய துளைகளுக்கு 6 மி.மீ. கண் உள்ள, துத்தநாகம் பூசிய கம்பி வலை வாங்குங்கள். கோழிக்கூட்டுக்குப் போடும் அகலக் கண் வலையில் சுண்டெலி தாராளமாக நுழையும்.

அடைக்கும் முறை

சுவரும் தரையும் சேரும் பிளவு: உளியால் ஓர் அங்குல ஆழத்துக்குக் கொத்தி, உதிரி மண்ணையும் தூசியையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் தெளித்து நனையுங்கள். எவர்சில்வர் நாரைப் பிரித்து இறுக்கமாகத் திணியுங்கள். 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் கலந்த கலவையால் மூடி, மூலையைச் சாய்வாக உருட்டிப் பூசச் சொல்லுங்கள். மூலை கூர்மையாக இல்லாவிட்டால் எலிக்குக் கடிக்க விளிம்பு கிடைக்காது, பெருக்கும்போது தானியமும் தூசியும் தங்காது. காலையில் பூசி, முதல் இரவு செங்கல் அல்லது தகரத்தைச் சாய்த்து மறைத்து வையுங்கள். ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள்.

அடிமண் போன தரை: 'டொக்' என்று கேட்ட பகுதியை உடைத்து எடுத்து, உதிரி மண்ணை நீக்கி, செங்கல் ஜல்லியோ கருங்கல் ஜல்லியோ போட்டுத் திமிசு போடுங்கள். அதன் மேல் 4 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போடுங்கள். மேற்பூச்சு போட்டு மறைத்தால் அடுத்த மழைக்கு மீண்டும் உடையும்.

கதவின் அடி: எலி நுழையும் வழிகளில் பலரும் கவனிக்காதது இது. கதவுக்கும் வாசற்படிக்கும் இடையே 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. படியைச் சிமெண்டால் உயர்த்துங்கள், அல்லது கதவின் அடியில் இரும்புப் பட்டை அடியுங்கள். மரக்கதவாக இருந்தால் கீழிருந்து ஒரு அடி உயரத்துக்கு இருபுறமும் தகரம் அடியுங்கள். நிலையின் அடிப்பகுதியையும் விட்டுவிடாதீர்கள்.

ஒயர், குழாய் போகும் துளைகள்: எவர்சில்வர் நாரைச் சுற்றித் திணித்து, கலவையால் மூடுங்கள்.

தண்ணீர் வெளியேறும் துளை, ஜன்னல், காற்றுப்போக்கி: இவற்றை அடைக்கக் கூடாது. விதைக்குக் காற்றோட்டம் வேண்டும். 6 மி.மீ. வலையைச் சட்டத்தில் அடித்துப் பொருத்துங்கள். தண்ணீர்த் துளையின் வலை, கழற்றிச் சுத்தம் செய்யும்படி இருக்கட்டும்.

கூரை: சிமெண்ட் அட்டைக் கூரையில் சுவருக்கும் அட்டையின் வளைவுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு இடைவெளியையும் வலை வைத்துப் பூசுங்கள். ஓட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளைகளைக் குறைந்தது மூன்றடிக்கு அப்பால் வெட்டிவிடுங்கள்.

வெளிப்புறம்: சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வைக்கோல், விறகு, செடி எதுவும் இல்லாமல் வெட்டவெளியாக வையுங்கள். எலிக்கு மறைவிடம் இல்லாத இடத்தில் வளை தோண்டத் தயக்கம் இருக்கும். தோண்டினாலும் உங்கள் கண்ணில் உடனே படும்.

10 அடிக்கு 12 அடி அறையில் தரைப் பிளவும் சிறு துளைகளும் மட்டும் என்றால், ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரும் இருந்தால் ஓரிரு நாளில் முடியும் வேலைதான். தளம் உடைத்துப் போடுவதென்றால் செலவு கூடும். மண் தரை உள்ளவர்கள் தளம் போட வசதிப்படும் வரை, விதையை மட்டுமாவது மூடியுள்ள தகரப் பீப்பாயில் வையுங்கள்.

எப்போது செய்வது?

அறை காலியாக இருக்கும்போது, அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே செய்துவிடுங்கள். புதுப் பூச்சில் உள்ள ஈரம் முழுவதும் காய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். ஈரத் தரையில் மூட்டை அடுக்கினால், 13 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்த விதை மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். ஓர் ஆள் சுற்றி வரும் இடம் இருந்தால்தான் புதிதாகச் சந்து விழுந்தாலும் தெரியும். சுவரை ஒட்டி அடுக்கினால் மூட்டையே எலிக்கு மறைப்பாகிவிடும்.

மருந்து வைப்பவர்கள் கவனத்துக்கு

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டிலும், வீட்டை ஒட்டிய அறையிலும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிவரும். எலி வரும் அதே சந்து வழியாக அந்த வாயு பக்கத்து அறைக்கும் வரும். தூங்குபவர்களுக்கு உயிர் ஆபத்து. அனுமதி பெற்ற, பயிற்சி உள்ளவர்கள் மட்டுமே கையாள வேண்டிய மருந்து இது. 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழக அரசு தடை விதித்துள்ளது. பழைய டப்பா வீட்டில் இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

எந்த எலி மருந்தையும் தவறுதலாக யாராவது சாப்பிட்டுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது. சில மருந்துகளின் பாதிப்பு சில நாட்கள் கழித்தே தெரியும். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருந்தின் உறையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அறையைச் சுத்தம் செய்யும்போது புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து துடைத்து எடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த ஈரத்தின் மூலம் எலிக் காய்ச்சல் பரவும். காலில் வெடிப்போ புண்ணோ இருப்பவர்கள் செருப்பில்லாமல் உள்ளே போக வேண்டாம். அதன் பிறகு கடுமையான காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், எலி இருந்த அறையைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை பாருங்கள்

அடைத்த சந்து அடைத்தபடியே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். மண் இறங்கும், கதவு தேயும், புதிதாக ஒயர் இழுக்க வருபவர் துளை போட்டுவிட்டு அப்படியே போய்விடுவார். அமாவாசை, கிருத்திகை என்று ஏதாவது ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அறையைச் சாத்தி வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள், தரை ஓரத்தில் மாவு தூவிப் பாருங்கள். கனமழைக்கு மறுநாளும் பாருங்கள். சிறிய சந்தாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் கைப்பிடிக் கலவையில் வேலை முடிந்துவிடும்.