பேரக்குழந்தைகளோடு ஒரு மயிலை மாலை

விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வந்துவிட்டால், ஒரே நாளில் நான்கு கோயில்களைக் காட்டிவிடும் ஆர்வம் நமக்கு எழுவது இயல்பு. மூன்றாவது கோயிலில் குழந்தை அழும், பெரியவர்கள் அதட்டுவார்கள். பின்னாளில் கோயில் என்றதும் அக்குழந்தைக்கு அந்த அதட்டலே நினைவுக்கு வரும். ஆகவே, ஒரு நாளைக்கு ஒரு தலம் போதும்.

சென்னையில் இருப்போருக்கு மயிலாப்பூர் மிகவும் ஏற்றது. நண்பகலில் கபாலீசுவரர் கோயிலில் நடை சாத்தியிருக்கும். கல்தளமும் பிஞ்சுப் பாதங்களைச் சுடும். எனவே, குழந்தைகளை மதியம் உறங்கவைத்து, வெயில் தாழ்ந்தபின் புறப்படலாம்.

சுவாமி, அம்பாள் தரிசனம் முடிந்ததும் புன்னை மரத்தடிக்குச் செல்லுங்கள். அம்பிகை மயிலாக வந்து இறைவனைப் பூசித்த கதையைச் சொல்லி, அந்த மயிலைக் குழந்தைகளையே தேடச் சொல்லுங்கள். அடுத்து, திருஞானசம்பந்தர் பதிகம் பாட, சாம்பலிலிருந்து உயிர்பெற்று எழுந்த பூம்பாவையின் சந்நிதி. நாயன்மார் 63 பேரையும் எண்ணச் சொன்னால் போதும். குழந்தைகள் களைப்பறியாமல் நடப்பார்கள். நமக்குக் கால் வலித்தால் சற்று அமரலாம், அவசரம் ஏதுமில்லை.

பங்குனியில் அறுபத்துமூவர் விழா நாளன்று கூட்டம் மிகுதி; சிறு குழந்தைகளுக்கு அது ஏற்றதன்று.

கோயிலிலிருந்து மெரினா கடற்கரை ஆட்டோவில் சிறிது தூரமே. மணலில் அரை மணி நேரம் ஓடி விளையாடட்டும்; அலையில் மட்டும் இறங்கவிட வேண்டாம். குடிநீரும் மாற்றுடையும் கைவசம் இருக்கட்டும். தூக்கம் வருமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

ஆசை சிறிது மீதமிருக்கும்போதே திரும்பினால், அடுத்த முறை குழந்தையே நம்மைக் கோயிலுக்கு அழைக்கும்.