பல்லின் வேருக்குள் நூல்விடும் பூஞ்சை

ரூட் கெனால் செய்துகொண்டவர்களுக்கு அந்த மெல்லிய கம்பியைத் தெரிந்திருக்கும். 'ஃபைல்' என்பார்கள் பல் மருத்துவர்கள். வேர்க்கால்வாயைச் சுரண்டி அகலப்படுத்துவது அதன் வேலை. ஆனால் கம்பி எட்டாத இடம் அங்கே நிறைய உண்டு. கால்வாயின் சுவரான டென்டினில், பல்லின் கழுத்துப் பகுதியில் மட்டும் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 40,000 நுண்குழல்கள் திறக்கின்றன. ஒவ்வொன்றின் அகலமும் 2 மைக்ரோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

வேர்த் தொற்றில் பெரும்பாலும் பாக்டீரியாக்களுக்கே முதலிடம். இருந்தாலும், சிகிச்சை செய்தும் ஆறாத பற்கள் சிலவற்றில் 'கேண்டிடா ஆல்பிகன்ஸ்' என்ற பூஞ்சை அகப்படுகிறது. பலருடைய வாயிலும் தொல்லை தராமல் வாழ்வதுதான் இது. உருண்டை வடிவில் இருக்கும்போது 4 முதல் 6 மைக்ரோமீட்டர் பருமன் என்பதால் நுண்குழலில் நுழைய முடியாது. வியப்பு இங்கேதான்: அதே செல் மெல்லிய இழையாக நீளும், பள்ளம் தட்டுப்பட்டால் அதன் போக்கிலேயே வளரும். டென்டினில் உள்ள கொலாஜனைச் சிதைக்கும் நொதியும் அதனிடம் உண்டு.

வேருக்குள் வைக்கும் மருந்துகளில் பெயர்பெற்றது கால்சியம் ஹைட்ராக்சைடு; வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் வேதிப்பொருளேதான். காரத்தன்மை 12.5 பிஹெச். பல பாக்டீரியாக்கள் அதில் மடியும். கேண்டிடா தாக்குப்பிடிக்கிறது.

அதை வீழ்த்துவது சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் உலகப்போரில் வேதியியலாளர் ஹென்றி டேக்கின் காயம் கழுவ 0.5 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்திய அதே மருந்து. கிருமியைக் கொல்வதோடு செத்த திசுவையும் கரைக்கும். வேர் நுனியைத் தாண்டினால் கடும் வலியும் வீக்கமும் வரும். அதனால்தான் பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை நுனிக்குச் சற்று முன்பே நிறுத்தி மெல்ல அழுத்துகிறார்கள். அடுத்து 17 சதவீத ஈடிடிஏ: சுரண்டிய தூள் படிந்து அடைத்த குழல்வாய்களை அது திறந்துவிடும். கழுவலுக்கு ஆகும் நேரம் வீணல்ல. என் பார்வையில் சிகிச்சையின் உயிரே அதுதான்.

சிகிச்சை ஒரே முறையில் முடியாவிட்டால், அடுத்த முறை வரும்வரை பல்லில் வைப்பது தற்காலிக அடைப்பு. நாள்பட்டால் கசியும், உமிழ்நீரோடு கிருமிகள் மறுபடி உள்ளே போகும். வலி நின்றுவிட்டதே என்று அடுத்த முறை போகாமல் இருந்துவிடாதீர்கள்.