எலும்பு ஊசி: ஒரே மருந்து, இரு வேறு தேவைகள்

கோவிலம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம், தாம்பரம் எனச் சுற்றுவட்டாரங்களிலிருந்து எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர், காத்திருக்கும் நேரத்தில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். பிறகு எங்களிடம் ஓர் ஐயத்தோடு வருவார்கள். "அந்தப் பெரியவருக்கு மாதந்தோறும் எலும்பு ஊசி போடுகிறீர்கள். அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆறு மாதத்திற்கு ஒருமுறை?" என்று ஒரு மகள் கேட்பார். "எலும்புக்குப் பரவியிருக்கிறது என்றீர்கள். இவருக்கு அந்த ஊசியே எழுதவில்லையே, விட்டுப்போயிற்றா?" என்று ஒரு மனைவி கேட்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தரப்படும் எலும்புக் காப்பு மருந்துகளைப் பற்றி இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

எலும்பு பலவீனமடைவது ஏன்?

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. இடிப்பதும் கட்டுவதும் சமமாக நடக்கும் வரை எலும்பு உறுதியாக இருக்கும். புராஸ்டேட் புற்றுநோயில் இந்தச் சமநிலை இரண்டு வழிகளில் குலைகிறது.

முதல் வழி, நோய் பரவுதல். இந்தப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, தொடையெலும்பின் மேற்பகுதி ஆகியவற்றையே நாடுகிறது. அங்கே தாறுமாறாகப் புதிய எலும்பு உருவாகிறது. எக்ஸ்ரேயில் அந்த இடம் வெண்மையாகவும் கெட்டியாகவும் தெரிந்தாலும், அது முறையாகக் கட்டப்படாத சுவரைப் போன்றது, எளிதில் உடையக்கூடியது.

இரண்டாம் வழி, சிகிச்சையின் பக்கவிளைவு. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் புராஸ்டேட் புற்றுநோய் அடங்கும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் அதுவே அடிப்படைச் சிகிச்சை. லியூப்ரோலைட் போன்ற ஊசிகளாலோ, விதைப்பைகளை அகற்றும் அறுவைச் சிகிச்சையாலோ ஹார்மோன் குறைக்கப்படுகிறது. ஆனால் எலும்பைக் காப்பதிலும் அந்த ஹார்மோனுக்குப் பங்குண்டு. அது குறைந்ததும் எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டறியப்பட்டபின் 5 ஆண்டுகளாவது வாழ்ந்தவர்களை ஒப்பிட்டனர். ஹார்மோன் குறைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 19.4 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கும் எலும்பு முறிவு ஏற்பட்டிருந்தது. இதற்காக ஹார்மோன் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை. அதைப் பெறும்போதே எலும்பையும் கவனிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இரண்டு மருந்துகள்

இதற்கெனப் பெரிதும் பயன்படுபவை இரண்டு. ஜோலெட்ரோனிக் ஆசிட் என்பது நரம்பு வழியாக, குறைந்தது 15 நிமிடங்களில் மெதுவாகச் செலுத்தப்படும் மருந்து. டெனோசுமாப் என்பது தோலுக்கடியில் போடப்படும் ஊசி. எலும்பைக் கரைக்கும் செல்களின் வேகத்தைக் குறைப்பதே இரண்டின் பணி.

இவை புற்றுநோயை அழிக்கும் மருந்துகள் அல்ல. ஆயுளை நீட்டுவதாகவும் நிறுவப்படவில்லை. எலும்பு முறிவு, முதுகுத்தண்டு நசுங்குதல், எலும்பு வலிக்காகக் கதிர்வீச்சு பெற வேண்டிய நிலை ஆகியவற்றைக் குறைக்கின்றன, அல்லது தள்ளிப்போடுகின்றன. பிறர் துணையின்றி எழுந்து நடமாடும் நாட்களைக் கூட்டுவதே நோக்கம். நோயாளிக்கும் அவரைத் தாங்கும் குடும்பத்துக்கும் அது சிறிய நன்மையன்று.

அளவும் இடைவெளியும் ஏன் மாறுகின்றன?

மகளின் கேள்விக்கும் மனைவியின் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. நோயாளிகளை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் நிலை: ஹார்மோன் சிகிச்சையால் எலும்பு மெலிந்தவர்கள். டெக்ஸா ஸ்கேன் எனும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், வயது, முந்தைய எலும்பு முறிவு போன்ற காரணங்களும் இதைக் காட்டும். இவர்களுக்குக் குறைந்த அளவு போதும். டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தரப்படுகிறது. அல்லது ஜோலெட்ரோனிக் ஆசிட் நீண்ட இடைவெளியில், வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை தரப்படுகிறது. 2009-இல் வெளியான ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை பெற்றுவந்த ஆண்களிடையே மூன்றாண்டுகளில் ஏற்பட்ட புதிய முதுகெலும்பு முறிவுகளை, இந்த அளவு டெனோசுமாப் 3.9 விழுக்காட்டிலிருந்து 1.5 விழுக்காடாகக் குறைத்தது.

இரண்டாம் நிலை: எலும்புக்கு நோய் பரவி, ஹார்மோன் குறைப்புக்கும் கட்டுப்படாமல் நோய் வளரத் தொடங்கியவர்கள். மாதாந்திர ஊசி இவர்களுக்கே உரியது. டெனோசுமாப் 120 மில்லிகிராம் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அல்லது ஜோலெட்ரோனிக் ஆசிட் 4 மில்லிகிராம் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை. 2002-இல் வெளியான ஆய்வில், 15 மாதங்களில் எலும்புச் சிக்கல்களைச் சந்தித்தவர்கள் மருந்தில்லாப் பிரிவில் 44 விழுக்காடு. ஜோலெட்ரோனிக் ஆசிட் பெற்ற பிரிவில் 33 விழுக்காடு. இந்த மருந்தை 12 வாரங்களுக்கு ஒருமுறை தந்தாலும் ஏறத்தாழ அதே பலன் கிடைக்கிறது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே உங்கள் மருத்துவர் இடைவெளியைக் கூட்டினால், சிகிச்சையைக் குறைத்துவிட்டதாகக் கருத வேண்டாம்.

மூன்றாம் நிலை: எலும்புக்குப் பரவியிருந்தாலும், ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் நன்கு கட்டுப்பட்டிருப்பவர்கள். இந்நிலையிலேயே மாதாந்திர ஜோலெட்ரோனிக் ஆசிட்டைத் தொடங்குவதால் எலும்புச் சிக்கல்கள் குறையவில்லை என்பதை 2014-இல் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. பயனில்லாத இடத்தில் பக்கவிளைவு மட்டுமே மிஞ்சும். ஆகவே இவர்களுக்கு மாதாந்திர ஊசி எழுதாதிருப்பது மறதியன்று. எலும்பு மெலிந்திருந்தால் மட்டும் முதல் நிலைக்குரிய குறைந்த அளவு தரப்படும்.

எந்த மருந்து உயர்ந்தது?

இரண்டாம் நிலையில் உள்ள 1,904 ஆண்களிடம் இரு மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. முதல் எலும்புச் சிக்கல் வரும் காலம் டெனோசுமாப் பெற்றவர்களிடம் சுமார் 20.7 மாதங்கள்; ஜோலெட்ரோனிக் ஆசிட் பெற்றவர்களிடம் 17.1 மாதங்கள். ஆயுளில் வேறுபாடில்லை. இரத்தத்தில் கால்சியம் குறைவது டெனோசுமாபில் 13 விழுக்காடு, மற்றதில் 6 விழுக்காடு. ஜோலெட்ரோனிக் ஆசிட் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைந்தவர்களுக்கு ஏற்றதன்று. விலை குறைந்த மருந்தைப் பெறுபவர் தரம் குறைந்த சிகிச்சையைப் பெறுவதாக எண்ணி வருந்த வேண்டாம்.

முதல் ஊசிக்கு முன்

பல் மருத்துவரைப் பாருங்கள். இம்மருந்துகளைப் பெறுவோரில் நூற்றில் ஓரிருவருக்குத் தாடையெலும்பு ஆறாமல் வெளித்தெரியும் சிக்கல் வரலாம். பல் பிடுங்கியபின் வருவதே மிகுதி. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கி, புண் ஆறியபின் ஊசியைத் தொடங்குவது நல்லது. தொடங்கியபின், எங்களைக் கேட்காமல் பல் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் பார்க்கிறோம். வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரிலும் வைட்டமின் டி குறைபாடு மிகச் சாதாரணம். குறைபாட்டைச் சரிசெய்யாமல் ஊசி போட்டால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். உதட்டைச் சுற்றியோ விரல் நுனிகளிலோ மரத்துப்போதல், கை கால் இழுத்துப் பிடித்தல் ஆகியவை அதன் அறிகுறிகள், உடனே தெரிவியுங்கள். கால்சியம் மாத்திரையை எழுதிக்கொடுத்த அளவில் தவறாமல் உட்கொள்ளுங்கள்.

உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். வலி மாத்திரைகள், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட எதையும் மறைக்க வேண்டாம். குறை சொல்ல மாட்டோம். சிறுநீரகத்தைக் காக்கவே கேட்கிறோம். ஜோலெட்ரோனிக் ஆசிட் முதன்முறை ஏறியபின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். அதற்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் போதும்.

தாமாக நிறுத்த வேண்டாம்

ஆறு மாத டெனோசுமாப் ஊசியைப் பாதியில் விட்டால், அதுவரை அடங்கியிருந்த எலும்புக் கரைப்பு வேகமெடுத்து, முதுகெலும்புகள் முறியும் ஆபத்து உண்டு. சொந்த ஊருக்குச் செல்வதானாலும், பணநெருக்கடி வந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாறும் வழியைச் சேர்ந்து தீர்மானிக்கலாம். ஊசியின் பெயர், அளவு, போட்ட தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் 60, 120 என்ற குழப்பம் வராமல் அந்தக் குறிப்பே காக்கும்.

அன்றே வர வேண்டிய அறிகுறிகள்

புதிதாகத் தோன்றி நாளுக்கு நாள் மிகும் முதுகுவலி, படுத்தாலோ இருமினாலோ அதிகரிக்கும் வலி, கால்களில் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை, மலம் கட்டுப்படாமை: இவற்றில் எது தோன்றினாலும் முதுகுத்தண்டு நசுங்குவதாக இருக்கலாம். மருந்து பெற்றுவருபவருக்கும் இது நேரலாம். தைலம் தேய்த்துப் பார்ப்போம், முதுகைப் பிடித்துவிடச் சொல்வோம், கட்டுப் போடுவோம் என்று இரண்டு நாள் கடத்துவது பெருந்தவறு. பலவீனமான எலும்பை அழுத்தினால் முறியும். நடந்து வருபவர் சிகிச்சைக்குப் பின்னும் நடப்பதற்கு வாய்ப்பு மிகுதி. கால்கள் முற்றிலும் செயலிழந்தபின் வருபவருக்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு. நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

வீட்டிலும் சிலவற்றைச் செய்யலாம். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். குளியலறைத் தரை ஈரமின்றி இருக்கட்டும். சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். மருத்துவர் அனுமதித்த அளவு நாள்தோறும் நடக்கச் செய்யுங்கள்.

அடுத்த முறை வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அப்பாவுக்கு இந்த மருந்து எலும்பு மெலிவுக்கா, பரவிய நோய்க்கா? எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதுவரை? பல்லும் கால்சியமும் பார்த்தாயிற்றா? விடை சொல்வது எங்கள் கடமை.