அமாங் மணலில் ஒரு காந்தப் பாடம்

கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தை, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. தோட்டங்களோடு ஈயச் சுரங்கங்களும் இருந்த ஊர் அது. ஈயத் தாதைப் பிரித்தபின் எஞ்சும் கனமான மணலை ‘அமாங்’ என்பர். அதில் மிகுந்திருக்கும் கறுப்புத் தாது இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஆக்சைடு. செம்மண்ணுக்கு நிறமூட்டும் ஹேமடைட்டோ வெறும் இரும்பு ஆக்சைடு. இரண்டின் படிக அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. காந்த குணம் மட்டும் வேறு. ஏன்?

இவற்றில் ஒவ்வோர் இரும்பு அயனியும் ஒரு சிறு காந்தம். இடையிலுள்ள ஆக்சிஜன் வழியே ஒன்றன் திசையை மற்றொன்று அறிகிறது. இதுவே பரிமாற்ற இடைவினை. ஹேமடைட்டில் அது அடுத்தடுத்த அடுக்குகளை எதிரெதிராக நிறுத்துவதால், காந்த விசை பெரும்பாலும் ஈடுபட்டுப் போகிறது. சுமார் 675 டிகிரி செல்சியஸ் வரை இவ்வொழுங்கு குலையாது.

இல்மனைட்டிலோ ஓர் அடுக்கு விட்டு ஓர் அடுக்கு டைட்டேனியம். அதற்குக் காந்தத் தன்மை இல்லை. எனவே இரும்பு அடுக்குகளின் பிணைப்பு தளர்கிறது. சுமார் –218 டிகிரிக்குக் கீழேதான் ஒழுங்கு பிறக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் அதன் சிறு காந்தங்கள் கட்டற்றவை; வலிய காந்தம் இழுத்தால் அதன்பக்கம் திரும்பும். அமாங் ஆலைகளில் காந்தப் பிரிப்பான் கொண்டு இல்மனைட்டைத் தனியே எடுக்க முடிவது இதனால்தான்.

அடுக்கில் அணு மாறினால் குணமே மாறுகிறது. பாடநூலில் மிரட்டும் இக்கருத்து, நம் வட்டாரத்து மணலிலேயே கிடக்கிறது.